அசோகனுக்குத் தெரியாத எட்டாம் நாள்

கினி பிக் என்கிற, பெருச்சாளி அளவில் வாலில்லாமல் இருக்கும் பிராணியைப் பற்றி அசோகனுக்குத் தெரிந்த அளவு சென்னையில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. அதுவும் ஏழு நாள் வரைக்கும்தான். எட்டாம் நாள் அது என்ன செய்யும், எவ்வளவு பெருக்கும், வயதானால் எப்படி இருக்கும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். இருபத்திரண்டு வருடம் அதோடு புழங்கியவனுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு நாலு மாடிக் கட்டடம். மருந்து கம்பெனிகள் தங்கள் ஊசி மருந்துகளைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் இங்கே கொடுத்துச் சோதித்துக்கொள்ளும். மூன்றாவது மாடி முழுக்க முயல்களும் கினி பிக்குகளும். அவற்றுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, எல்லாம் அசோகன் வேலை. பிறந்து வளர்ந்தது பக்கத்தில் ஜாபர்கான்பேட்டை. பதினாறு வயதில் பட்டறையில் இரும்புத்தூள் பெருக்கிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அந்த மாடியிலிருந்து ஒரு முயல் தப்பித்துத் தெருவுக்கு ஓடி வந்துவிட்டது. நாலு பேர் துரத்திக்கொண்டிருந்தார்கள். இவன் பேசாமல் தரையில் உட்கார்ந்தான். அது தானாக வந்து இவன் மடியில் ஒடுங்கியது. "முயல் புடிக்கிற நாய மூஞ்சியப் பாத்தாலே தெரியும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்த சூபர்வைசர், அடுத்த மாதமே அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். திமிறுகிற உயிர் எதுவும் அவன் கைக்கு வந்தால் அடங்கிவிடும். கைராசி என்றார்கள்.

முயலின் கதை பரவாயில்லை. ஊசி போட்டு மூன்று மணி நேரம் உடம்புச் சூட்டை அளப்பார்கள். முடிந்ததும் அது தன் கூண்டுக்குத் திரும்பிவிடும். ஒரே முயல் இரண்டு மூன்று வருடம் கூட அங்கே இருந்திருக்கிறது. கினி பிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சினைப்படாத இளசாக, முந்நூறு கிராம் எடையில் வந்து இறங்கும். ஒரு மருந்துக்கு இரண்டு என்று எடுத்து, அடையாளத்துக்கு ஒன்றின் தலையிலும் மற்றொன்றின் முதுகிலும் மஞ்சள் சாயம் தடவி, ஊசி போட்டு, ஏழு நாள் கவனிப்பார்கள். தின்கிறதா, எடை ஏறுகிறதா என்று எழுதுவார்கள். ஏழாம் நாள் சாயங்காலம் நன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். நடுவில் எது முடங்கிப் படுத்தாலும் ஏழு நாள் காத்திருக்கக் கூடாது. துடிக்க விடாமல் உடனே முடித்துவிட வேண்டும். அது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை மட்டும் அசோகன் தெய்வ வாக்குப்போல மதித்தான். இந்த வேலையில் அவனால் செய்ய முடிந்த ஒரே புண்ணியம் அதுதான் என்று நினைத்தான். அரை நொடிக்கு மேல் ஆகாது. எப்படி என்று நான் எழுதப்போவதில்லை.

அந்தச் சாயத்தால் அவன் விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சோப்புக்கும் போகாது, சிகைக்காய்க்கும் போகாது. "இன்னாப்பா இது கையில?" என்று மகள் நிஷா நாலு வயதில் கேட்டாள். "நான் முயலுக்கு டாக்டரும்மா. மருந்து தடவுவேன்ல, அது" என்று சொல்லி வைத்தான். சின்னப் பிள்ளையிடம் வேறென்ன சொல்வது? அவள் அதை வடபழனி பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டாள்.

மனைவி மணிமொழிக்கு உண்மை தெரியும். தி. நகரில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். வாய் ஓயாத வேலை. இவனோ வாய் திறக்காத ஆள். கொரோனா வருடங்களில் சோதனைக்கு வந்த மருந்துகள் மூன்று மடங்கு. ஏழாம் நாள் வாரம் ஒருமுறை வந்தது போய், தினமும் வர ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பான். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்வான். இரண்டு வருடம் பார்த்தாள், மூன்று வருடம் பார்த்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு வடபழனியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர் அம்மாள் கேட்டார். குடிக்கிறாரா? இல்லை. அடிக்கிறாரா? இல்லை. வேறு பெண் சகவாசம்? அதுவும் இல்லை. "பின்ன இன்னாதாம்மா உனக்கு?"

"பேச மாட்டாருங்க" என்றாள் மணிமொழி. "வூட்ல ஒரு ஆள் கீறாரா இல்லியான்னே தெரியாது மேடம். செவுத்தோட எத்தினி நாள் குடும்பம் நடத்தறது?"

அதற்கும் அசோகன் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை பிள்ளை அப்பாவிடம் இருக்கலாம், மூன்று மாதம் கழித்துப் பிள்ளையையே கேட்டு மேற்கொண்டு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அசோகன் சூபர்வைசரிடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமை முறையை மாற்றிக்கொண்டான். அவனுக்கு இருந்ததெல்லாம் இனி அந்த ஏழு மணி நேரம்தான்.

எட்டு வயதுப் பிள்ளை, ஒண்டுக்குடித்தனத்தில் ஒற்றை அறை, பேசாத அப்பன். மூன்றாவது ஞாயிறு நிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இங்க விளையாட ஒண்ணுமே இல்லப்பா. அடுத்த வாரம் நான் வர்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அசோகன் கிட்டே வந்து உட்கார்ந்தான். இதையே நீதிமன்றத்தில் போய்ச் சொன்னால் கதை முடிந்தது. "உனுக்கு இன்னா வேணும் சொல்லு" என்றான்.

"நீதான் டாக்டராச்சே. முயல் வாங்கு. இல்ல, கினி பிக் வாங்கு. நான் வந்து பாத்துக்கறேன்."

வடபழனி பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இனாயத்தின் கடை. கூண்டுக் கிளிகள், மீன் தொட்டிகள். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒன்றில் வெள்ளை முயல் குட்டிகள், இன்னொன்றில் ஏழெட்டு கினி பிக்குகள். நிஷா இரண்டுக்கும் நடுவில் குந்திக்கொண்டாள். அரை மணி நேரம் போயிற்று. முயலைத் தொட்டாள், காதை நீவினாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு அந்தப் பக்கம்.

"இன்னாப்பா, எத்த வாங்கலாம்?"

"முயலும்மா" என்றான் அசோகன். அவன் இவ்வளவு சட்டென்று பதில் சொன்னது அவளுக்கே ஆச்சரியம். "முயல் ரொம்ப நாள் இருக்கும். அதோட பழக்கவழக்கம் அப்பாவுக்கு நல்லாத் தெரியும்."

"கினி பிக் தெரியாதா?"

அசோகன் தொட்டியைப் பார்த்தான். பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று மூக்கைத் தூக்கி அவனைப் பார்த்து விசிலடித்தது. தீனி வைக்கிற ஆள் வாசனை தெரிந்திருக்கும். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். முயல்தான் என்று பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் நிற்கத் தெரியாதவன் பாடு அதைவிட மோசம். அசோகன் எதிலும் நின்றவன் இல்லை.

"தெரியும்" என்றான்.

"அப்ப இதான். என்னிய கூப்புடுது பாரு."

இனாயத் அதைத் தூக்கி அசோகன் கையில் வைத்தான். "பொட்டைங்க சார். நல்ல அமைதி. குழந்தைக்கு ஏத்தது." அசோகனின் கை தன்னால் எடை பார்த்தது. நானூறு இருக்கும், அவன் வேலை செய்யும் இடமாக இருந்தால் எடை கூடுதல் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். தொட்டியில் கிடாயும் பெட்டையும் ஒன்றாகக் கிடந்ததை அவன் கண் பார்த்தது. பார்த்ததோடு சரி. அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அவன் பிழைப்பு அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

நிஷா அதற்குப் பன்னு என்று பெயர் வைத்தாள். பேக்கரி பன் நிறத்தில் இருந்ததால். மூன்றாவது மாடியில் பெயர் வைக்கக் கூடாது, அடையாளம் மட்டும்தான். முதல் வாரம் அசோகனுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் கட்டு வாங்கி வந்து போட்டான். தினம் அருகம்புல் வாங்குகிறவனைப் பூக்காரி பெரிய பக்தன் என்று நினைத்து இரண்டு எருக்கம்பூவும் சேர்த்துக் கொடுத்தாள். நெல்லிக்காயை நறுக்கி வைத்தான், இல்லாவிட்டால் இவற்றுக்கு ஈறு வீங்கும் என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "பெருச்சாளியக் காசு குடுத்து வாங்கினு வர்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் அசோகன் பெட்டியருகில் உட்கார்ந்திருந்தான். கை சும்மா இருக்க மறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். இருட்டியது. பன்னு கொய்யாத் துண்டைத் தின்றுவிட்டு அவன் செருப்பைக் கடித்தது. எட்டாம் நாள் காலையில் அது விசிலடித்து அவனை எழுப்பியபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "பன்னு" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அது திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மணிமொழி நேரில் பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். அந்த ஊமைக்கோட்டான் பேச ஆரம்பித்தான். வேலையிலிருந்து வந்ததும் பெட்டி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸில் நடந்த சண்டை, சூபர்வைசருக்குச் சர்க்கரை ஏறியது, வெண்டைக்காய் முற்றலாக இருந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் நிஷாவிடமும் அதே வாய் நீண்டது. இருவரும் பழைய டப்பாக்களை வெட்டிப் பன்னுவுக்கு மாடிவீடு கட்டினார்கள். அது இரண்டு கீரைக் காம்பைத் தின்றுவிட்டு மாடிவீட்டின் மேல் மூத்திரம் பெய்தது. அன்றைக்கு அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் வீட்டுக்கார அம்மாள் வந்து கதவைத் தட்டினாள்.

நாலாவது வாரம் பன்னுவுக்கு உடம்பு பெருக்க ஆரம்பித்தது. "நல்லா துன்னுது" என்றான் அசோகன். எட்டாம் நாளுக்குப் பிறகு இவை இப்படித்தான் பெருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான். யாரிடம் கேட்பது? வேலை செய்யும் கட்டடத்திலேயே விஷயம் தெரிந்தவன் அவன்தான்.

பன்னு வந்த பிறகு ஐந்தாவது ஞாயிறு சாயங்காலம் நிஷாவை அழைத்துப்போக மணிமொழி வந்தாள். வழக்கமாகத் தெருமுனையில் நின்று போன் அடிப்பவள், அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. "பாப்பா சொன்னா. நீ நல்லாப் பேசறியாமே" என்றாள்.

"ம்" என்றான் அசோகன். பிறகு அது போதாது என்று அவனுக்கே பட்டது. "டீ போடட்டா? இஞ்சி கீது."

"இன்னிக்கு வேணாம். அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் பாக்கலாம் என்ற அந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு அசோகன் ஆறு நாள் வாழ்ந்தான். புதிதாக இரண்டு கப் வாங்கினான்.

அடுத்த ஞாயிறு நிஷா வந்தபோது பன்னு விசிலடிக்கவில்லை. பெட்டி மூலையில் முடங்கி உட்கார்ந்திருந்தது. முடி சிலிர்த்திருந்தது. அருகம்புல் வைத்தபடி கிடந்தது. வயிறு பானைபோல இறுகி, மூச்சு படபடவென்று இரைத்தது. அவ்வப்போது உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் வந்து போயிற்று.

"அப்பா, பன்னுக்கு இன்னாச்சி?"

அசோகன் கையில் எடுத்தான். விரல்கள் வயிற்றைத் தொட்டதும் அவன் முகம் செத்துவிட்டது. வயிற்று உப்புசம் என்று தீர்மானித்தான். மூன்றாவது மாடியில் நூறு முறை பார்த்திருக்கிறான். உப்புசம் கண்ட கினி பிக் பிழைத்ததில்லை. ராத்திரியில் யாரும் கவனிக்காமல் விட்டது துடித்துத் துடித்து, பல்லைக் கடித்து, நாலு மணி நேரத்தில் போகும். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் எந்த மாட்டாஸ்பத்திரியும் திறந்திருக்காது. வேப்பேரியில் இருக்கும் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடியிருக்கலாம். ஆட்டோ பிடித்தால் முக்கால் மணி நேரம். ஆனால் அவன் கையில் அது மறுபடி நடுங்கி, மெல்ல ஒரு சத்தம் போட்டது.

"அதுக்கு வலிக்குதுப்பா" என்று நிஷா அழுதாள். "நீ டாக்டர்தான? எதுனா பண்ணுப்பா. வலிக்காம பண்ணு."

நோய் வந்த உயிருக்குச் செய்ய அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் வேறு எதையும் யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. "நீ போயி அருகம்புல்லு கழுவி எடுத்தாம்மா" என்று அவளைக் குழாயடிக்கு அனுப்பினான். சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்றான். பன்னுவின் தலையைத் தடவினான். "ஒண்ணும் இல்லடா" என்றான். எந்தப் பிராணியிடமும் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவன் கையில் அடங்கியது, எல்லா உயிரும் அடங்குவதுபோல.

அரை நொடிதான். திரும்பினால் நிஷா வாசலில் நிற்கிறாள். கையில் புல் இல்லை. அவள் குழாயடிக்குப் போகவே இல்லை.

அவள் கத்தவில்லை. கிட்டே வந்து அவன் கையில் கிடந்ததைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், மஞ்சள் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அசோகன் சாகும்வரை மறக்கமாட்டான்.

"அப்பா, சாவலப்பா. வயிறு ஆடுது பாரு. உயிர் கீதுப்பா."

அவன் உள்ளங்கையில் அது தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு உதை, அந்தப் பக்கம் ஒரு உதை. இரண்டா, மூன்றா, எண்ண முடியவில்லை. அது உப்புசம் இல்லை. எட்டாம் நாளைத் தாண்டிய ஒரு கினி பிக் அன்று காலையில் குட்டி போட உட்கார்ந்திருந்தது. தாய் போன பிறகும் குட்டிகள் கொஞ்ச நேரம் உள்ளே புரண்டன. கத்தி எடுத்துக் கிழித்துக் காப்பாற்றலாமா என்று நினைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. அசையாமல் நின்றான். நிஷா அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஆடுது, ஆடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

ஐந்து மணிக்கு மணிமொழி படியேறி வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். மேடையில் இரண்டு புதுக் கப் கவிழ்த்தபடி இருந்தன. நிஷா அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போய்த் தெருவில் நின்றாள். "இன்னா ஆச்சி?" என்று மணிமொழி கேட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். அசோகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது மாதம் நீதிமன்றத்தில் நிஷாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த அசோகனுக்கு எல்லாம் கேட்டது. சொல்லட்டும் என்றே அவன் விரும்பினான். அவன் முயல் டாக்டர் இல்லை, அவன் கை என்ன கை என்று அவள் சொல்லிவிட்டால், யாராவது ஒருவர் அவனைத் திட்டினால், கொஞ்சம் மூச்சு விடலாம்போல இருந்தது.

"அப்பாகிட்ட போக ஏம்மா புடிக்கல?" என்று ஆலோசகர் அம்மாள் கேட்டார். "அடிச்சாரா? திட்டினாரா?"

"இல்ல ஆன்ட்டி."

"பின்ன?"

நிஷா சுவரைப் பார்த்தாள். அப்பனைப் போலவே.

"அங்க விளையாட ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்றாள்.

காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டான். வராந்தாவில் நிஷா அவனைப் பார்த்து நின்றாள், கண் அவன் முகத்துக்கு ஏறவில்லை, விரல்களிலேயே இருந்தது. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "போய்ட்டு வாம்மா" என்று சொல்ல நினைத்தான். அதற்குள் மணிமொழி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இனி வரமுடியும் என்று சூபர்வைசரிடம் அவனே போய்ச் சொன்னான். அவருக்குச் சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த வாரம் ஆறு கினி பிக்குகளுக்கு ஏழாம் நாள். காலை ஏழு மணிக்கு அசோகன் மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் அறையில் இருந்த அத்தனையும் மூக்கைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தன. அசோகன் தீனிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முதல் கூண்டுக்குப் போனான். எதனிடமும் அவன் பேசவில்லை.